துப்பாக்கிக் கூட்டக்கொலைகளுக்குக் காரணம் மதமா, துப்பாக்கியா?

அமெரிக்காவில் ஒரு பள்ளியிலோ வழிபாட்டிடத்திலோ துப்பாக்கிச்சூடு நடந்தவுடன் ஒரு சாரார் மதவெறிதான் காரணம் என்கிறார்கள். இன்னொரு சாரார் கடவுளை மறந்ததால் வந்த வினை என்கிறார்கள். வேறு சிலர் இவையெல்லாம் சப்பைக்கட்டு, கடையில் கிடைக்கும் துப்பாக்கிதான் காரணம் என்கிறார்கள். இவற்றுள் எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் நீளும் என்பதால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவனுக்குக் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் ஏன் வந்தது என்பது ஒரு கேள்வி. அந்த எண்ணம் சில நிமிடங்களுக்குள் இருபது, முப்பது பிணங்களாக முடிவதற்கு எது இடங்கொடுத்தது என்பது வேறொரு கேள்வி. மதம் முதல் கேள்விக்குச் சில வழக்குகளில் விடையின் ஒரு பகுதியாக வரும். இரண்டாவது கேள்விக்கு அது விடையாகாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

காரணத்தைப் பேசுமுன் எதை எண்ணுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கணக்கு மாறினால் காரணமும் மாறிவிடும். 'கன் வயலன்ஸ் ஆர்க்கைவ்' என்ற அமைப்பு, சுட்டவனைத் தவிர 4 பேர் குண்டடிபட்டாலே, ஒருவரும் இறக்காவிட்டாலும், அச்சம்பவத்தைப் பட்டியலில் சேர்க்கிறது. அந்தப் பட்டியலில் 2020 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் 600-க்கும் மேற்பட்ட சம்பவங்கள் உள்ளன. பொது இடத்தில் 4 பேராவது கொல்லப்பட்டிருக்க வேண்டும், கும்பல் மோதலாகவோ குடும்பத் தகராறாகவோ இருக்கக் கூடாது என்று அளவுகோலை இறுக்கினால் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் வரும். நீண்ட பட்டியலில் இருப்பவற்றுள் பல, விருந்திலும் தெருமுனையிலும் வாய்ச்சண்டை முற்றியவை, அல்லது வீட்டுக்குள் மனைவி மக்களைச் சுட்டவை. மதத்துக்கு அங்கே வேலையே இல்லை. இன்னும் ஒரு படி பின்னால் போய்ப் பார்த்தால், 2021-ஆம் ஆண்டு அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். ஆகவே நாம் விவாதிக்கும் கூட்டக்கொலைகள், அந்த நாட்டின் துப்பாக்கி மரணங்களில் மிகச் சிறிய பங்கு. தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நமக்கு இந்த விகிதம் தலைகீழாகத் தோன்றுவது இயல்பு.

இனி மதத்துக்கு வருவோம். வழிபாட்டிடங்களில் நடந்த கொலைகளை எடுத்துக்கொண்டால், 2012-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஓக் கிரீக் குருத்வாராவில் 6 சீக்கியர்கள் அன்றே கொல்லப்பட்டார்கள். குண்டடிபட்டு முடங்கிய ஒருவர் 2020-இல் இறந்தார். 2018-இல் பிட்ஸ்பர்க் நகரின் யூத ஜெபக்கூடத்தில் 11 பேர். 2017-இல் கனடாவின் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் 6 பேர். 2019-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர். இந்தச் சம்பவங்களில் மதம் இருக்கிறது, ஆனால் இறந்தவர்களின் பக்கம் இருக்கிறது. சுட்டவர்களை இயக்கியது வெள்ளையின மேலாதிக்கமும் குடியேறிகள் மீதான வெறுப்பும் என்பதை அவர்களே எழுதியும் பேசியும் வைத்திருக்கிறார்கள். யாரைக் கொல்வது என்று தேடியவனுக்குத் தலைப்பாகையும் தொழுகையும் அடையாளமாகப் பயன்பட்டன. வழிபாட்டிடத்தில் நடந்ததை எல்லாம் 'மதக் கலவரம்' என்று நம் செய்தியாளர்கள் சிலர் எழுதிவிடுகிறார்கள். அது கொல்லப்பட்டவர்களுக்குச் செய்யும் அநீதி.

அதற்காக மதம் எங்குமே காரணமாக இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2015 டிசம்பரில் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேரைச் சுட்டுக் கொன்ற தம்பதியர் இஸ்லாமியத் தீவிரவாதக் கருத்துகளில் ஊறியவர்கள். 1994-இல் மேற்குக் கரையில் உள்ள ஹெப்ரோன் நகரில் தொழுகையில் இருந்த 29 முஸ்லிம்களைக் கொன்றவன், தன் யூத மதப்பற்றையும் அரசியலையும் பிரிக்க முடியாத அளவுக்குக் கலந்து வைத்திருந்தவன். 2019 ஏப்ரலில் கலிபோர்னியாவின் போவே நகர ஜெபக்கூடத்தில் ஒரு பெண்மணியைச் சுட்டுக் கொன்ற இளைஞன் ஞாயிறுதோறும் சபைக்குச் செல்லும் கிறித்தவக் குடும்பத்தவன். அவன் எழுதிவைத்த அறிக்கையில் இனவெறியோடு வேத வசனங்களும் இறையியல் சொற்களும் கலந்திருந்தன. அவனுடைய சபைப் பிரிவைச் சேர்ந்த போதகர்களே, இதை எங்கோ வெளியிலிருந்து வந்த நஞ்சு என்று ஒதுக்கிவிட முடியுமா என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்த நேர்மையை மற்ற மதத்தலைவர்களிடம் அவ்வளவாகக் காண முடிவதில்லை.

ஆர்லாண்டோ வழக்கைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. 2016 ஜூன் 12 அன்று தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் 'பல்ஸ்' கேளிக்கை விடுதியில் 49 பேரைக் கொன்றவன், சுட்டுக்கொண்டிருந்தபோதே அவசர உதவி எண்ணுக்கு அழைத்து ஐஎஸ் அமைப்புக்கு விசுவாசம் தெரிவித்தான். அன்று மாலைக்குள் இரண்டு விளக்கங்கள் உறுதியாகிவிட்டன: இஸ்லாமியத் தீவிரவாதம் என்பது ஒன்று, தன்பாலீர்ப்பாளர் மீது மதம் ஊட்டிய வெறுப்பு என்பது மற்றொன்று. இரண்டு ஆண்டுகள் கழித்து அவன் மனைவி மீதான வழக்கு நடந்தபோது வெளிவந்த ஆதாரங்கள், அந்த இரவில் அவன் முதலில் டிஸ்னி நிறுவனத்தின் கடைவீதி வளாகத்துக்குப் போனதையும், பிறகு கைப்பேசியில் நகரின் இரவு விடுதிகளைத் தேடியதையும், அதன் பிறகே 'பல்ஸ்' வந்து சேர்ந்ததையும் காட்டின. டிஸ்னி வளாகத்தில் காவலர்களைப் பார்த்துத்தான் திரும்பினான் என்பது அரசுத் தரப்பின் வாதம். அவன் மனைவி குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். ஆக, இடத்தைத் தேர்ந்ததில் அந்த வெறுப்புக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட பங்கு நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. ஐஎஸ் பற்று நிலைத்தது. அதற்குள் முதல் நாள் விளக்கங்கள் ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் ஏறிவிட்டன. இந்த வழக்குகளில் முதல் வாரத்துச் செய்திகளை நான் பாதிக்கு மேல் நம்புவதில்லை.

கடவுளை மறந்ததுதான் காரணம் என்ற எதிர்வாதம் அமெரிக்காவில் நாம் நினைப்பதைவிட வலுவானது. 1962-இல் 'ஏங்கல் எதிர் விட்டேல்' வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் அரசே இயற்றிய பிரார்த்தனை கூடாது என்று தீர்ப்பளித்ததிலிருந்துதான் சீரழிவு தொடங்கியது என்பது அவ்வாதத்தின் சுருக்கம். 2012-இல் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட அன்றே, ஆர்கன்சா மாநில முன்னாள் ஆளுநர் மைக் ஹக்கபி, பள்ளிகளிலிருந்து கடவுளை முறையாக அகற்றிவிட்டு இப்போது ஆச்சரியப்படுவானேன் என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசினார். ஆனால் வளர்ந்த நாடுகளுள் அதிக மதப்பற்று உள்ள நாடு அமெரிக்காதான். மதத்தை முக்கியமாகக் கருதுவோர் மிகக் குறைவாக உள்ள ஜப்பானில் இத்தகைய துப்பாக்கிக் கொலைகள் அரிதினும் அரிது. மதப்பற்றே மருந்து என்றால் இந்தக் கணக்கு எதிர்த்திசையில் இருந்திருக்க வேண்டும்.

கொலம்பைன் பள்ளியில் 1999-இல் நடந்த சம்பவத்தைச் சுற்றி எழுந்த ஒரு கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. கொலையாளி ஒரு மாணவியிடம் கடவுளை நம்புகிறாயா என்று கேட்டதாகவும், ஆம் என்றதும் சுட்டதாகவும் செய்தி பரவி, அம்மாணவி கிறித்தவ இளைஞர்களிடையே தியாகியாகவே போற்றப்பட்டாள். நூலகத்தில் இருந்தவர்களின் சாட்சியங்களை விசாரணை அதிகாரிகள் ஒப்பிட்டபோது, அந்த உரையாடல் ஏற்கெனவே குண்டடிபட்டிருந்த வேறொரு மாணவியுடன் நடந்தது என்றும், அவள் பிழைத்துக்கொண்டாள் என்றும் தெரிந்தது. கதை இன்றும் பிரசங்கங்களில் வாழ்கிறது.

மதத்தின் பங்கைப் பேசும் எவரும் 2006 அக்டோபர் 2 அன்று பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் கிராமத்தில் நடந்ததையும் பேச வேண்டும். நவீன வசதிகளைத் தவிர்த்து எளிமையாக வாழும் ஆமிஷ் என்ற கிறித்தவச் சமூகத்தாரின் ஒற்றை அறைப் பள்ளிக்குள் நுழைந்த ஒருவன் 10 சிறுமிகளைச் சுட்டான். 5 பேர் இறந்தார்கள். அவன் அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் பால் சேகரிக்கும் லாரி ஓட்டுநர். பிறந்தவுடனே இறந்துபோன தன் முதல் குழந்தைக்காகக் கடவுள் மீது கோபம் கொண்டிருப்பதாக எழுதிவைத்திருந்தான். ஆமிஷ் பெரியவர்கள் அன்று மாலையே அவன் மனைவியின் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொன்னார்கள். அவன் இறுதிச் சடங்கிலும் கலந்துகொண்டார்கள். இரண்டு வாரத்துக்குள் அந்தப் பள்ளிக் கட்டடத்தை இடித்துப் புல்வெளியாக்கிவிட்டார்கள். கொன்றவன் கடவுளை நோக்கியே கோபப்பட்டான், இழந்தவர்கள் கடவுளை நோக்கியே மன்னித்தார்கள். இரு பக்கமும் வரும் ஒன்றைக் 'காரணம்' என்று சொல்வதால் நமக்கு எதுவும் விளங்கிவிடுவதில்லை.

மனநோய் என்ற விளக்கம் மேலோட்டமாகப் பொருத்தமாகத் தெரியும். 1966 ஆகஸ்டு 1 அன்று டெக்சஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து சுட்டவன், தான் இறந்த பிறகு தன் உடலைப் பரிசோதித்துப் பார்க்கும்படி கடிதம் எழுதி வைத்திருந்தான்; பரிசோதனையில் மூளையில் கட்டி இருந்தது. ஆளுநர் அமைத்த குழுவால் அந்தக் கட்டிக்கும் கொலைகளுக்கும் உள்ள தொடர்பை உறுதியாக நிறுவ முடியவில்லை. இவ்வளவு தெளிவான உடற்குறை இருந்த வழக்கிலேயே நிலை அதுதான். தீவிர மனநோய்கள் அனைத்தும் நாளையே குணமாகிவிட்டாலும் சமூகத்தின் மொத்த வன்முறையில் ஏறத்தாழ 4 விழுக்காடுதான் குறையும் என்பது டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் நீண்டகாலமாகக் காட்டிவரும் கணக்கு. எல்லா நாடுகளிலும் மனநோயாளிகள் இருக்கிறார்கள். எல்லா நாடுகளிலும் இது நடப்பதில்லை.

காரணமே தெரியாத வழக்கும் உண்டு. 2017 அக்டோபர் 1 இரவு லாஸ் வேகாஸ் நகரில் விடுதியின் 32-ஆவது மாடியிலிருந்து ஓர் இசை நிகழ்ச்சிக் கூட்டத்தை நோக்கிப் பத்து நிமிடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டவன், சூதாட்டத்தில் பொழுதுபோக்கிய 64 வயது வசதிக்காரன். மதமில்லை, அரசியலில்லை, கடிதமில்லை. இறந்தவர்கள் இறுதியில் 60 பேர். கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் நிபுணர்கள் ஓராண்டுக்கு மேல் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட அறிக்கை, தெளிவான ஒற்றை நோக்கம் எதையும் காண முடியவில்லை என்றே முடிந்தது. அமெரிக்க வரலாற்றில் தனி ஒருவன் நிகழ்த்திய மிகப் பெரிய துப்பாக்கிக் கொலைக்கு 'ஏன்' என்ற கேள்விக்கு விடை இல்லை. 'எப்படி' என்பதற்கோ தோட்டா வாரியாக விடை இருக்கிறது.

ஜில்லியன் பீட்டர்சன், ஜேம்ஸ் டென்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1966 முதலான பொது இடக் கூட்டக்கொலைகளைத் தொகுத்து, கொலையாளிகளின் வாழ்க்கையை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டவற்றில் மதமோ வீடியோ விளையாட்டோ முன்னணியில் இல்லை. சிறுவயதில் பட்ட வன்கொடுமை, சம்பவத்துக்கு முந்தைய வாரங்களில் வந்த ஏதோ ஒரு நெருக்கடி, முந்தைய கொலையாளிகளை ஊன்றிப் படித்தது, துப்பாக்கி எளிதில் கிடைத்தது ஆகிய நான்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. பலர் முன்பே தற்கொலை எண்ணம் கொண்டிருந்தவர்கள்; ஏறக்குறைய பாதிப் பேர் தங்கள் திட்டத்தை யாரிடமாவது சொல்லியிருந்தார்கள். 77 விழுக்காட்டினர் துப்பாக்கிகளில் சிலவற்றையாவது சட்டப்படிக் கடையில் வாங்கியவர்கள். பள்ளிகளில் சுட்ட மாணவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுத் துப்பாக்கியை எடுத்து வந்தவர்கள்.

முந்தையவர்களைப் படித்தது என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 2011-இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றவன் நீண்ட அறிக்கை ஒன்றை விட்டுச் சென்றான். கிறைஸ்ட்சர்ச் கொலையாளி அவனைக் குறிப்பிட்டான். போவே கொலையாளியும், 2019-இல் டெக்சஸின் எல் பாசோ நகரில் சுட்டவனும் கிறைஸ்ட்சர்ச்சைக் குறிப்பிட்டார்கள். 2022-இல் பஃபலோ நகரில் 10 கறுப்பினத்தவரைக் கொன்ற 18 வயதினன் கிறைஸ்ட்சர்ச் அறிக்கையின் பகுதிகளைப் பார்த்தே எழுதி, அதே போலச் சம்பவத்தை இணையத்தில் நேரலையாகவும் காட்டினான். ஒரு வேதநூல் போல ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் இந்த எழுத்துகளுக்கு எந்த மதமும் பொறுப்பேற்காது. நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜசிந்தா ஆர்டெர்ன் கொலையாளியின் பெயரைத் தன் வாயால் சொல்ல மாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தது இதனால்தான். இந்தப் பதிலிலும் அவர்களில் எவருடைய பெயரும் வராது.

இப்போது துப்பாக்கி. 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' என்ற ஆய்வு அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணிப்பின்படி அமெரிக்கக் குடிமக்களிடம் 39 கோடிக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் உள்ளன. நூறு பேருக்கு 120. உள்நாட்டுப் போரில் சிக்கிய ஏமனிலேயே நூறு பேருக்கு 53-தான், இந்தியாவில் 5. தேர்தல் தேதி அறிவித்தவுடன் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கும் வழக்கமுள்ள ஊரிலிருந்து பார்க்கும் நமக்கு, பல மாநிலங்களில் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமமே தேவையில்லை என்பது எளிதில் பிடிபடுவதில்லை.

சாண்டி ஹூக் சம்பவம் நடந்த அதே 2012 டிசம்பர் 14 அன்று சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமப் பள்ளிக்குள் ஒருவன் கத்தியுடன் நுழைந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வெட்டினான். விரல்களும் காதுகளும் அறுபட்ட குழந்தைகள் இருந்தார்கள். ஆனால் ஒருவர்கூட இறக்கவில்லை. சாண்டி ஹூக்கில் கொலையாளி தன் தாய் சட்டப்படி வாங்கி வைத்திருந்த அரைத் தானியங்கி ரைஃபிளால் 5 நிமிடங்களுக்குள் 150-க்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டான். அந்த ரைஃபிளால் சுடப்பட்ட குழந்தைகளில் அநேகமாக யாரும் பிழைக்கவில்லை. ஒரே நாள், ஒரே வகை இலக்கு, குழந்தைகளைத் தாக்கும் அதே குரூரம். வேறுபட்டது ஆயுதம். கத்தியாலும் தீயாலும் கூட்டக்கொலை செய்ய முடியும் என்பதற்கு ஜப்பானில் 2016-இல் சகமிஹாரா காப்பகத்தில் 19 பேரும், 2019-இல் கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்தில் 36 பேரும் இறந்தது சான்று. ஆனால் அங்கே அவை பத்தாண்டுக்குச் சில முறையே நடப்பவை.

துப்பாக்கி மட்டுமே காரணம் என்பவர்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் உள்ளன. 1970-களில் அமெரிக்க வீடுகளில் ஏறத்தாழ பாதியில் துப்பாக்கி இருந்தது. பிற்காலத்தில் அது மூன்றில் ஒன்றை ஒட்டிக் குறைந்தது. ஆனால் அதிக உயிர்களைக் குடித்த கூட்டக்கொலைகளில் பெரும்பாலானவை 2007-க்குப் பிறகு நடந்தவை. வீடுகளின் எண்ணிக்கையால் இதை விளக்க முடியாது. குறைந்த வீடுகளில் கூடுதல் துப்பாக்கிகள் குவிந்ததும், 1994 முதல் 2004 வரை நடைமுறையில் இருந்த தாக்குதல் ரைஃபிள் தடை காலாவதியான பிறகு அவ்வகை ரைஃபிள்கள் பெருமளவில் விற்றதும், மேலே சொன்ன 'பார்த்துச் செய்யும்' பழக்கமும் சேர்ந்தால்தான் ஓரளவு விளங்குகிறது. ஸ்விட்சர்லாந்தில் நூறு பேருக்கு 28 துப்பாக்கிகள் இருந்தும் அங்கே இவை அரிது என்பதும் உண்மைதான். ஆனால் அங்கே வாங்க அனுமதிச் சீட்டு வேண்டும், படைப்பயிற்சி பெற்றோர் அரசுத் தோட்டாக்களை வீட்டில் வைத்துக்கொள்ளும் முறையும் 2007-க்குப் பிறகு நின்றுவிட்டது.

ஆஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு, பழைமைவாதக் கட்சியைச் சேர்ந்த பிரதமர் ஜான் ஹோவர்ட் இரண்டு வாரத்துக்குள் மாநிலங்களைச் சம்மதிக்க வைத்து, ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தார். சுட்டவனைத் தவிர 5 பேர் இறந்த துப்பாக்கிக் கொலை அதன் பிறகு 2018 வரை அங்கே நடக்கவில்லை. ஆனால் 2025 டிசம்பரில் சிட்னியின் பாண்டை கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவில் தந்தையும் மகனுமாகச் சுட்டு 15 பேரைக் கொன்றார்கள்; தந்தையிடம் உரிமம் இருந்தது. மதவெறியும் துப்பாக்கியும் கைகோத்த சம்பவம் அது. கடுமையான சட்டம் நூற்றுக்கு நூறு காக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. முப்பது ஆண்டுகளில் அங்கே எத்தனை முறை நடந்தது, அமெரிக்காவில் எத்தனை முறை என்று ஒப்பிட்டால் போதும்.

நல்லவர்கள் கையிலும் துப்பாக்கி இருந்தால் தடுக்கலாம் என்ற வாதத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 2022-இல் டெக்சஸ் மாநிலத்தின் யுவால்டி தொடக்கப்பள்ளிக்கு ஆயுதமேந்திய 376 காவலர்கள் வந்து சேர்ந்தார்கள். உள்ளே இருந்த ஒருவனை வீழ்த்த 77 நிமிடங்கள் ஆயின. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள்.

சட்டத்தில் எதுவும் செய்ய முடியாது, ஆயுத உரிமை பற்றிய அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் கையைக் கட்டிப்போட்டுவிட்டது என்பதும் முழு உண்மை அன்று. தனிமனிதர் துப்பாக்கி வைத்துக்கொள்வது அரசியல் சாசன உரிமை என்று 2008-இல் 'ஹெல்லர்' வழக்கில் எழுதிய நீதிபதி ஆன்டனின் ஸ்கேலியாவே, அவ்வுரிமை எல்லையற்றது அல்ல என்றும், குற்றவாளிகளுக்கும் மனநலம் குன்றியோருக்கும் உள்ள தடைகளை இத்தீர்ப்பு தொடவில்லை என்றும் அதிலேயே எழுதினார். குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2024-இல் அதே நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் உறுதி செய்தது.

என் பார்வையில் இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவது, ஏற்கெனவே உள்ள தடைகள் எங்கே அறுந்துபோகின்றன என்பதுதான். கடையில் வாங்குபவர் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். 2007-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்ற மாணவனை, தனக்கே ஆபத்தானவன் என்று 2005 டிசம்பரில் ஒரு நீதி அலுவலர் முடிவுசெய்து புறநோயாளியாகச் சிகிச்சை பெற ஆணையிட்டிருந்தார். கூட்டாட்சிச் சட்டப்படி அவனுக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது. ஆனால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் விவரத்தை மட்டுமே வர்ஜீனியா மாநிலம் அனுப்பிக்கொண்டிருந்ததால், அவன் இரண்டு கைத்துப்பாக்கிகளையும் சோதனையில் தேறியே வாங்கினான். கோபிச்செட்டிபாளையம் பக்கம் பிறந்து, நீரியலில் பெயர்பெற்ற பேராசிரியர் ஜி. வி. லோகநாதன் அன்று வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். ஆளுநர் டிம் கெய்ன் அந்த ஓட்டையை அம்மாத இறுதிக்குள் ஓர் ஆணையால் அடைத்தார். ஓர் ஆணையில் முடிகிற வேலை அது.

2017-இல் டெக்சஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் ஒரு கருவையும் சேர்த்து 26 உயிர்கள் போயின. கொன்றவன் நாத்திகம் பேசியவன் என்பதால் மத விரோதமே காரணம் என்று உடனே எழுதினார்கள். அவனுடைய மாமியார் அந்தச் சபைக்குச் செல்பவர் என்றும், அவருக்கு அவன் மிரட்டல் செய்திகள் அனுப்பியிருந்தான் என்றும் அதிகாரிகள் பிறகு தெரிவித்தார்கள். விமானப்படையில் இருந்தபோது மனைவியையும் அவருடைய கைக்குழந்தையையும் தாக்கியதற்காக 2012-இல் தண்டிக்கப்பட்டவன் அவன். துப்பாக்கி வாங்கத் தகுதியற்றவன். விமானப்படை அந்தத் தண்டனை விவரத்தை எஃப்பிஐக்கு அனுப்பவில்லை. கொலைகளுக்கான பொறுப்பில் 60 விழுக்காடு அரசினுடையது என்று 2021-இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார்.

2015 ஜூன் 17 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், கறுப்பினத்தவரின் பழம்பெரும் இமானுவேல் தேவாலயத்தில், புதன்கிழமை இரவு வேத வகுப்பு நடந்துகொண்டிருந்தது. உள்ளே வந்த வெள்ளை இளைஞனுக்கு இருக்கை கொடுத்து உட்கார வைத்தார்கள்; ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர்களோடு இருந்தவன், முடிவுப் பிரார்த்தனைக்கு எல்லாரும் கண்களை மூடியபோது சுட்டு 9 பேரைக் கொன்றான். அவனும் கிறித்தவன்தான், ஒரு லூதரன் சபையின் உறுப்பினன். ஒரே வேதத்தைப் படித்தவர்களுக்கிடையே நடந்த இக்கொலையை மதத்தால் விளக்க முடியாது. இனவெறி என்று அவனே சொல்லிவிட்டான். அந்த ஏப்ரலில் அவன் துப்பாக்கி வாங்கப் போனபோது, சில வாரங்களுக்கு முன் போதைப்பொருள் வைத்திருந்ததாக ஒப்புக்கொண்ட வழக்கு அவன் மீது இருந்தது. அந்த ஆவணம் கண்ணில் பட்டிருந்தால் விற்பனை நின்றிருக்கும். சோதித்த எஃப்பிஐ ஊழியர் கைது விவரத்தைக் கண்டு விசாரித்தார். ஆவணமோ கொலம்பியா நகரக் காவல்துறையிடம் இருந்தது, அவர் கேட்டது வேறு அலுவலகத்தை. மூன்று வேலைநாளுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம் என்பது விதி, அவர் விற்றார். எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி ஜூலையில் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

அந்த மூன்று நாளை நீட்டிக்கும் மசோதா 2021-இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிச் செனட்டில் நின்றுவிட்டது. யுவால்டிக்குப் பிறகு 2022 ஜூனில் வந்த சட்டம், 21 வயது நிறையாதவர்களுக்கு மட்டும் விசாரணைக் காலத்தைப் பத்து வேலைநாள் வரை நீட்டித்தது. சார்ல்ஸ்டன் கொலையாளி கடைக்குப் போனது 21 வயது நிறைந்த ஏறத்தாழ ஒரு வாரத்தில். ஆகவே இன்றைய சட்டப்படியும் அவனுக்கு மூன்று நாள்தான்.